பாட்டோடு ஆளையும் காட்டுங்கள்



போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தோம். மண்ணிசையிலோ ராக் இசையிலோ, நீங்கள் இன்னொருவரைக் கட்டாயம் கேட்க வைக்க நினைப்பது எது, ஏன்? படூரில் கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகள், சிறுசேரி கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள், கோவளத்துக் கடலோரத்து இளைஞர்கள், திருப்போரூர் பக்கம் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஆசிரியர்கள் என்று பலரும் மனசைத் திறந்து எழுதியிருக்கிறீர்கள். சிலர் ஒரு பாட்டைப் பற்றி மூன்று பக்கம். சிலர் ஒரு பேண்டின் பெயரை மட்டும் எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். முடிந்தவரை கேட்கவும் கேட்டேன். இந்த மாதம் அலுவலகத்தில் வேலை நேரத்தில்கூட ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருந்தது.

முதலில் நன்றி. தனக்குப் பிடித்த பாட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அவருக்குப் பிடிக்காமல் போனால் நமக்கு வலிக்கும். அது தெரிந்தும் கொடுக்கிறோமே, அதில் இருப்பது அன்புதான்.

நம் ஆட்களுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் நினைவிருக்கும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் சரி, மாம்பலம் போனாலும் சரி, கண்ணாடி அலமாரி நிறைய கேசட்டை அடுக்கிவைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளலாம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். அதற்குள் எத்தனை பாட்டு அடங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் லிஸ்ட் போடுவோம். கணக்குத் தவறினால் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் அறுந்து நிற்கும். கேசட்டின் மேல் ஓரத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. நண்பனுக்குப் பதிந்து கொடுக்கும் கேசட்டில் அந்தத் துண்டுகளை உடைத்துத்தான் கொடுப்போம். அழிக்காதே, பத்திரமாக வைத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேலும் அழிக்க நினைப்பவன் அந்தப் பள்ளத்தில் செலோடேப் ஒட்டி அழித்துக்கொள்வான். அப்படி அழித்ததால் பேச்சுவார்த்தை நின்றுபோன நட்புகளும் உண்டு.

அதற்கும் முன்னால் வானொலி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இலங்கை வானொலி நம் கரையோர ஊர்களில் எடுத்த அளவுக்கு, வேறு எது எடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு நேயர் விருப்பம். பாட்டுக்கு முன்னால் அதைக் கேட்டு எழுதியவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வரும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று போகிற பட்டியலில் நடுவே தமிழ்நாட்டு ஊர் ஒன்று வந்தால் டீக்கடையில் ஒரு நிமிஷம் பேச்சு நிற்கும். முகம் தெரியாத ஒருவர் தன் விருப்பத்தை ஊருக்கே கேட்கக் கொடுத்தார். அந்த நிலையம்தான் நமக்கு நித்தி கனகரத்தினத்தையும், சிலோன் மனோகர் என்று நாம் கூப்பிட்ட ஏ.ஈ. மனோகரனையும் கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் பாடியதைப் பொப்பிசை என்றார்கள். ‘சுராங்கனி’ என்றதும் நம்மில் பலருக்கு 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படமும் இளையராஜாவும்தான் நினைவுக்கு வரும். அதன் தாளம் வந்த வழியோ ரொம்ப நீளம். போர்த்துக்கீசியர்களோடும், அவர்கள் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களோடும் கரையேறிய பைலா அது. கல்யாண வீட்டில் நாம் ஆடித் தீர்க்கும் ஒரு பாட்டுக்குள் மூன்று கண்டத்து மனிதர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதங்களைப் படிக்கும்போது நான் தேடியது இந்த வழியைத்தான். பாட்டு நல்ல பாட்டா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அதற்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள்? அவரிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 1965ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வரும். ரோலிங் ஸ்டோன்ஸ் அப்போது உலகம் முழுக்கப் பெயர் வாங்கிவிட்ட இங்கிலாந்துப் பையன்கள். 1962இல் லண்டனில் ஆரம்பித்தபோது தங்கள் பேண்டுக்கு வைத்த பெயரே, மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1950இல் பாடிய ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். அமெரிக்காவில் ‘ஷிண்டிக்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த நிகழ்ச்சி. ஹவ்லின் உல்ஃப் என்பவரும் மேடை ஏறவேண்டும் என்று ஸ்டோன்ஸ் பிடிவாதமாகக் கேட்டார்கள்.

யார் இந்த ஹவ்லின் உல்ஃப்? 1910இல் மிசிசிப்பியில் பிறந்தவர், இயற்பெயர் செஸ்டர் பர்னெட். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற கனத்த உடம்பு. வயற்காட்டில் பாடுபட்டுக்கொண்டே சார்லி பேட்டன் என்ற மூத்த கலைஞரிடம் கிடாரைக் கற்றுக்கொண்டவர். சிகாகோவுக்கு வந்து, சரளைக் கல்லைத் தேய்த்த மாதிரி ஒரு குரலில் ப்ளூஸ் பாடினார். கறுப்பின மக்களிடையே அவர் பெரிய ஆள். ஆனால் வெள்ளைக்கார வீட்டு வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அவருக்கு இடம் இல்லை. அவர் 1961இல் பதிந்த ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ என்ற பாட்டை ஸ்டோன்ஸ் 1964 கடைசியில் பாடி, அது இங்கிலாந்தில் முதலிடத்துக்கும் போயிருந்தது. எழுதியவர் வில்லி டிக்சன், அவரும் கறுப்பினத்தவர்தான். பையன்கள் அதோடு தங்கள் வேலை முடிந்தது என்று போயிருக்கலாம். போகவில்லை. 1965 மே மாதம் ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சியில், பேட்டி நீண்டுகொண்டே போனபோது பிரையன் ஜோன்ஸ் குறுக்கிட்டு, பேச்சு போதும், அவரைப் பாடவிடுங்கள் என்கிற மாதிரி சொன்னார். ஹவ்லின் உல்ஃப் வந்தார், கை கால் எல்லாம் ஆட உரத்துப் பாடினார். உலகப் புகழ் பெற்ற அந்தப் பையன்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் படத்துண்டு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. கட்டாயம் பாருங்கள். பாடுபவரை மட்டும் பார்க்காமல், கீழே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களையும் பாருங்கள்.

அந்தப் பாட்டுகளுக்கு உரிய பணம் அந்தப் பெரியவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் அது வேறு கதை, பல இடங்களில் வெட்கக்கேடான கதை. ராக் இசையின் செல்வமெல்லாம் மிசிசிப்பிக் குடிசைகளிலிருந்து எடுத்தது, எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்தது கொஞ்சம். அப்படியிருந்தும் அந்த ஒரு ராத்திரி நடந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். தங்களுக்குப் பிடித்த பாட்டின் பெயரைச் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆளையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

சரி, உங்கள் கடிதங்களுக்கு வருகிறேன். நம்ம படூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் கிரேட்ஃபுல் டெட் என்ற பழைய அமெரிக்க பேண்டைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தார். தம்பி, உங்களுக்கு நான் இந்தப் பக்கத்திலேயே பதில் சொல்கிறேன். அந்த பேண்டின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991இல் ‘பிளானட் டிரம்’ என்று ஓர் ஆல்பம் செய்தார். பல நாட்டுத் தாளக் கலைஞர்களைச் சேர்த்துச் செய்தது. நைஜீரியாவின் பாபதுண்டே ஒலாதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ மொரேரா, ஜாகிர் உசேன் ஆகியோரோடு அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருதில் தனிப் பிரிவு வந்தபோது, முதல் விருதை வாங்கியது அந்த ஆல்பம்தான். விக்கு அதற்கு முன்னாலேயே, 1970களில், கிடார் கலைஞர் ஜான் மெக்லாலினோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தவர். அந்த சக்தி பல வருஷம் கழித்து மறுபடி கூடி வெளியிட்ட ‘திஸ் மொமெண்ட்’ 2024இல் கிராமி வாங்கியபோது, கஞ்சிராவோடு அதில் இருந்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ். இன்னும் ஒரு படி இறங்குங்கள். பேர்போன கடங்கள் மானாமதுரையில் செய்யப்படுபவை. சாதாரணப் பானையை விடக் கனமாக, சுவர் எங்கும் ஒரே சீராக ஒலிக்கும் வரை தட்டித் தட்டி எடுப்பார்கள். அமெரிக்காவில் ஆரம்பித்த உங்கள் விருப்பம், வைகைக் கரையில் மண் மிதிக்கும் ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்கிறது.

இன்னொரு வாசகி, கம்பெனிப் பேருந்தில் போகவர எம்.ஐ.ஏ.வைக் கேட்பதாக எழுதியிருக்கிறார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரின் காரணமாகத் திரும்ப லண்டனுக்கே போனவர். தன் அம்மா பெயரையே வைத்து அவர் 2007இல் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து, உறுமி அடிப்பவர்களை வைத்துப் பதிந்தார். சகோதரி, அடுத்த முறை அந்த உறுமி வரும் இடத்தில் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கும்போது வரும் அந்த உறுமலுக்கு எந்த கிடார் பெடலும் ஈடாகாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

லா பொங்கல் குழுவைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. அதில் பாடும் அந்தோணிதாசன் கரகாட்ட மேடைகளிலிருந்து வந்தவர். அவர் குரல் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் நின்று பாடும்போது, எது எதற்குத் துணை என்ற கேள்வியே எழுவதில்லை. அதே மாதிரி தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழு, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில். சாதி பேதமற்றவர்கள் என்று அயோத்திதாசர் பேசியதிலிருந்து வந்தது குழுவின் பெயர். அதில் கானா பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். வடசென்னையில் சாவு வீட்டு ராத்திரிகளில், தூக்கம் விழிக்கப் பாடிய பாட்டு கானா. அதை ஆண்கள்தான் பாடுவார்கள் என்றிருந்ததை ஒரு பெண் உடைத்துக்கொண்டு வந்து நின்றார். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ மேடையைப் பற்றியும் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மார்கழி என்றால் சபாக்கள் என்றிருந்த நகரத்தில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் பறைக்கும் ஒரு பருவம் கிடைத்தது. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவில் டி.எம். கிருஷ்ணாவும் மற்றவர்களும் மீனவர் தெருவுக்கே கச்சேரியைக் கொண்டுபோனதையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.

இவ்வளவும் எனக்கு மகிழ்ச்சி. ஒரு குறையையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், உரிமையோடு. மிசிசிப்பியைப் பற்றி அழகாக எழுதினீர்கள். மாலி நாட்டு அலி ஃபர்கா தூரே, சகாராவின் தினாரிவென் என்று எழுதினீர்கள். எனக்கும் அவர்கள் என்றால் உயிர். ஆனால் வந்த கடிதங்களில் நம் ஓஎம்ஆருக்கும் ஈசிஆருக்கும் நடுவில் வாழ்கிற ஒரு கலைஞரைப் பற்றிக்கூட யாரும் எழுதவில்லை.

கேளம்பாக்கத்தில் சாவு ஊர்வலம் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? கார் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். அந்தப் பறை நமக்கு டிராபிக் ஜாம். அதையே காஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஆல்பத்தில் கேட்டால் கை தட்டுகிறோம். இதற்குக் காரணம் இசை ரசனையில் இல்லை. பறை அடிப்பவர்கள்மேல் நூற்றாண்டுகளாக ஏற்றிவைத்த சாதி இழிவு அது. சாவுக்கு அடிக்கவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தி, அடித்ததற்காகவே அவர்களை ஒதுக்கி வைத்தோம். மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. நல்லது, ரொம்ப நல்லது. நம் தெருவில் அடிப்பவரின் பெயர் நமக்குத் தெரிகிறதா என்பது என் கேள்வி.

ஒருமுறை பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அடிப்பதற்கு முன்னால் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அந்த நெருப்பில் பறையின் தோலைக் காட்டுவார்கள். காட்டி, விரலால் தட்டி, திருப்பி மறுபடி காட்டி, மறுபடி தட்டுவார்கள். முதலில் தொம்மென்று ஊறிப்போன சத்தம் வரும். சூடு ஏற ஏறத் தோல் இறுகி, ஒரு கட்டத்தில் டணீரென்று எகிறும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் போனால் தோல் கிழியும். அளக்க மீட்டர் எதுவும் கிடையாது, காதுதான். இடக்கையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி, வலக்கையில் கட்டையான அடிக்குச்சி. ஒன்று சலசலவென்று இடைவெளியை நிரப்ப, மற்றது நெஞ்சில் இறங்கும். மழைநாளில், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை மறுபடி நெருப்புக்குப் போகவேண்டியிருக்கும். இப்போது ஃபைபர் தோல் வந்துவிட்டது, திருகை முடுக்கினால் போதும். அதைக் குறை சொல்ல மாட்டேன். சுமப்பவர்களுக்குத்தான் அதன் வசதி தெரியும். ஆனாலும் நெருப்பில் காய்ச்சிய தோலின் முதல் அடியை ஒருமுறை நேரில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நம் வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தும் அப்படி நேரில் கேட்கவேண்டியதுதான். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து. மைக் இல்லாத காலத்தில் ஊர்க்கோடி வரை கேட்கவேண்டும் என்று பழகிய குரல்கள், ஏற்ற சுருதியில் நிற்பவை. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, இவற்றுக்கு மேல் முகவீணை. நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி சின்னதாக இருக்கும். அது கிறீச்சிட்டு எழும்போது தூங்கி விழும் பிள்ளைகள்கூட நிமிர்ந்துவிடும். ராக் கச்சேரியில் கிடார் தனியாக அழும் கட்டத்துக்காகக் காத்திருப்பவர்கள் கூத்தில் முகவீணைக்காகக் காத்திருக்கலாம். ஏமாற்றம் இருக்காது. கூத்துக் கலைஞர் புரிசை சம்பந்தன் தம்பிரானுக்கும் 2025இல்தான் பத்மஸ்ரீ. புரிசை இங்கிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் வருகிற ஊர்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, மணலிலேயே தங்குவார்கள். கன்னியம்மனுக்குப் பூசை, விடியலில் கல்யாணங்கள், ராத்திரி முழுக்கப் பாட்டும் ஆட்டமும். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது அவர்கள் வீட்டு விசேஷம். போனை நீட்டிக்கொண்டு நடுவில் புகாதீர்கள். தள்ளி நில்லுங்கள், கூப்பிட்டால் போங்கள், பதிய வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இலிருந்து நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மேடை கொடுத்துவரும் இடம். கோவளத்தில் 2013இல் அலைச்சறுக்கு விழா தொடங்கியபோது, பகலில் அலை, மாலையில் இசை என்று பேண்டுகளும் வந்து வாசித்தன. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் பைக்கில் பத்து நிமிஷம்கூட இல்லை. கிடார் எடுத்து வந்த பையன்கள் அந்தப் பத்து நிமிஷத்தைக் கடந்து பறைக்காரர்களிடம் போயிருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம் கல்லூரி பேண்டுகளுக்கு இதை நேராகவே சொல்கிறேன். அடுத்த கல்சுரல்ஸுக்கு ஒரு பறைக் குழுவை மேடைக்குக் கூப்பிடுங்கள். ஆரம்பத்தில் விருந்தினரை வரவேற்க அடித்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். பேச்சுப் பேசி, ஒத்திகை பார்த்து, உங்களுக்குச் சமமாக வாசிக்க வையுங்கள். வெளியிலிருந்து வரும் டிஜேவுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு, பேசிய பணத்தை அன்றே கையில் கொடுங்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இந்த இதழின் நடுப்பக்கங்களில் உங்கள் பரிந்துரைகளைத் தொகுத்துப் போட்டிருக்கிறோம். வரிசை எண் கொடுக்கவில்லை. எது முதல், எது இரண்டாவது என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே அது வந்த வழியில் ஒரு படியாவது இறங்கி, எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததைச் சேர்த்திருக்கிறோம். ஒரு பாட்டை ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன் தானாக அடுத்தடுத்த பாட்டைப் போட்டுக்கொண்டே போகும். ஏன் இதைப் போட்டாய் என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. உங்களிடம் வரும்.

அடுத்த இதழுக்குக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறோம். படூரிலிருந்து மாமல்லபுரம் வரை, அந்தப் பக்கம் செங்கல்பட்டு வரை, நீங்கள் நேரில் கேட்ட ஒரு கலைஞரைப் பற்றி எழுதுங்கள். கோயில் பம்பையாக இருக்கலாம், கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதும் பெரியவராக இருக்கலாம், கோவளத்தில் வலை இழுக்கும்போது பாடுகிற தாத்தாவாக இருக்கலாம், ஹாஸ்டல் மொட்டை மாடியில் கிடாரோடு உட்கார்ந்திருக்கும் அறைத்தோழனாகவும் இருக்கலாம். எங்கே கேட்டீர்கள், என்ன வாசித்தார், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் பெயரும் ஊரும் போடுவோம். விசேஷங்களுக்கு அவரைக் கூப்பிட விரும்புகிறவர்களை அவரோடு பேசவைக்கும் வேலையை நம் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கமிஷன் எதுவும் கிடையாது.

முகவீணை வாசிப்பவர் யாராவது திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் இருக்கிறாரா என்று பல நாளாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் அதை மட்டும் அடுத்த இதழ் வரை வைத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்